ஊசிக்குப் பதிலாகப் பேட்ச் வருகிறதாமே, காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. ஊசியைப் பார்த்தாலே மூச்சு முட்ட அழுகிறாள். தோலில் ஒட்டுகிற தடுப்பூசிப் பேட்ச் வருகிறது என்கிறார்கள். அதுவரை அடுத்த தவணையைத் தள்ளிப் போடலாமா?

பதில்: தள்ளிப் போடாதீர்கள். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் அந்தப் பேட்ச் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. நீங்கள் காத்திருக்கிற அத்தனை நாளும் குழந்தைக்கு முழுப் பாதுகாப்பு இல்லை.

பார்க்க அது ஒரு சின்ன பிளாஸ்திரி மாதிரிதான் இருக்கும். அமெரிக்காவில் 2015-ல் ஃப்ளூ தடுப்பு மருந்தோடு பெரியவர்களிடம் சோதித்த பேட்சில் 100 ஊசிகள், ஒவ்வொன்றும் 0.65 மில்லிமீட்டர் உயரம், தண்ணீரில் கரையக்கூடிய பொருளில் மருந்தைக் கலந்து வார்த்தவை. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு 20 நிமிடம் விட்டால் ஊசிகள் தோலுக்குள்ளேயே கரைந்துவிடும், பிய்த்து எடுக்கும்போது குத்துகிற எதுவும் மிச்சமிருக்காது. சிலர் தாங்களே ஒட்டிக்கொண்டார்கள், அவர்களுக்கும் நோய் எதிர்ப்பு நன்றாகவே உருவானது.

இவ்வளவு குட்டி ஊசி போதுமா என்றால், போதும். கிருமியை அடையாளம் கண்டு உடம்புக்குத் தகவல் சொல்லும் செல்கள் தசையைவிடத் தோலில்தான் நிறைய. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போட்டதும் தோல் சின்னதாகப் புடைத்து எழும்பியதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மருந்தும் தோலுக்குள்தான் போகிறது.

எனக்கு அதிக நம்பிக்கை தந்தது மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் நடந்த ஆய்வு. தட்டம்மை, ரூபெல்லா பேட்சைக் குழந்தைகளின் மணிக்கட்டில் 5 நிமிடம் ஒட்டினார்கள். 2024-ல் வெளியான முடிவுப்படி, பேட்ச் ஒட்டிய 9, 10 மாதக் குழந்தைகளில் 93 சதவீதம் பேருக்குத் தட்டம்மைக்கு எதிர்ப்பு உருவானது, ஊசி போட்டவர்களில் 90 சதவீதம், ரூபெல்லாவுக்கு இரண்டிலுமே 100. ஒட்டிய இடம் பலருக்கும் கொஞ்சம் தடித்தது. ஆனால் இது சின்ன ஆய்வு, பெரிய அளவில் சோதித்த பிறகுதான் அனுமதி என்ற பேச்சே. தூளாக வருகிற வழக்கமான தட்டம்மை மருந்தைக் கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். பேட்சில் கரைக்கிற வேலையும் இல்லை, ஊசி குத்துகிற வேலையும் இல்லை, அதனால் நர்ஸ் கிடைக்காத இடங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. முக அழகுக்கு விற்கிற நுண்ணூசிப் பேட்சும் ரோலரும் வேறு, அவற்றில் தடுப்பு மருந்து கிடையாது.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? மரத்துப்போகச் செய்யும் க்ரீம் தடவலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், அது வேலை செய்ய ஒரு மணி நேரம் வரை ஆகும், அதனால் கிளினிக் வாசலில் கேட்டுப் பயனில்லை. படுக்க வைத்து அமுக்கிப் பிடிக்காமல், மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து அணைத்துக்கொள்ளுங்கள். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள், "கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், நான் பக்கத்திலேயே இருப்பேன்" என்று சொல்லுங்கள். ஒரே நாளில் இரண்டு ஊசி என்றால் அதிகம் வலிக்கக்கூடியதைக் கடைசியில் போடச் சொல்லுங்கள்.