கிளினிக்கை விற்பதா, புது லேசர் வாங்குவதா?

கேள்வி: நான் 47 வயதுக் கண் மருத்துவர். சொந்தமாகக் கிளினிக்கும் ஆபரேஷன் தியேட்டரும் வைத்து நடத்துகிறேன். வருடத்துக்குச் சுமார் 600 கண்புரை அறுவை சிகிச்சைகள், அதோடு விழித்திரை ஊசிகள். என்னிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இளம் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். வரவு 100 என்று வைத்தால் செலவு 64, கடன் தவணை 9. மிச்சம் 27 என் கைக்கு வருகிறது. பாக்கிக் கடன் 25. ஆனாலும் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் பணம் நிற்பதில்லை. கண்புரை அறுவையில் சில வெட்டுகளைக் கத்திக்குப் பதில் ஒளியால் செய்யும் ஃபெம்டோசெகண்ட் லேசர் கருவியை வாங்கினால் வருமானம் கூடும், வருடத்துக்கு 150 கண் செய்தாலே முதல் தேறிவிடும் என்கிறார் கம்பெனிப் பிரதிநிதி. இதற்கிடையில் பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு கண் மருத்துவமனை நிறுவனம் என் கிளினிக்கை லாபத்தின் 6 மடங்கு விலைக்கு வாங்கிக்கொள்ளத் தயார் என்கிறது. ஐந்து வருடம் அங்கேயே சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டுமாம். எதைச் செய்வது?

பதில்: டாக்டர், உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. உங்கள் சம்பளம். 27 மிச்சம் என்கிறீர்களே, அது லாபமே இல்லை. இதே நேரம் உழைத்து, இதே எண்ணிக்கையில் அறுவை சிகிச்சை செய்தால் இன்னொரு மருத்துவமனை உங்களுக்கு என்ன சம்பளம் தரும்? 20 என்று வைத்துக்கொள்வோம். அந்த 20 அறுவை சிகிச்சை நிபுணருக்கான கூலி. மீதி 7 தான் கிளினிக்கின் முதலாளிக்கு. இடத்தைப் பிடித்து, கடன் வாங்கி, ஊழியர்களை வைத்து, வழக்கு வந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தையும் சுமந்ததற்கான பலன் இந்த 7. அதிலும் பழைய கருவிகளை மாற்ற வருடத்துக்கு ஒரு 4 ஒதுக்கினால் 3 தான் நிற்கும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் வரும். அடுத்த மாதத்திலிருந்தே கிளினிக் கணக்கிலிருந்து உங்கள் பெயருக்கு ஒரு சம்பளத்தை மாதம் தவறாமல் எடுங்கள். எடுத்த பிறகும் கிளினிக் மூச்சு விடுகிறதா என்று பாருங்கள்.

முதலில் அந்த 6 மடங்கு விலை. கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் எதன் 6 மடங்கு? வாங்குகிறவர்கள் வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் 100-ல் 64 போனால் 36. அதிலிருந்து இனி உங்களுக்குத் தரப்போகும் சம்பளம் 20-ஐக் கழித்தால் 16. அதை 6-ஆல் பெருக்கி 96 என்கிறார்கள். அந்த 16 எங்கிருந்து வந்தது? 7 நீங்கள் எடுத்துக்கொண்டிருந்த பணத்தில் வெட்டியது, 9 கடன் முடிந்ததும் உங்கள் கைக்கு வரவேண்டிய தவணைப் பணம். அதாவது உங்கள் வருங்கால வருமானத்தில் ஒரு பகுதியை இன்றே மொத்தமாக உங்களிடமிருந்து வாங்குகிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, உலகம் முழுக்க மருத்துவர்களின் கிளினிக்குகளை முதலீட்டு நிறுவனங்கள் இப்படித்தான் விலை பேசுகின்றன. ஆனால் விற்கிறவருக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

அந்த 96-ம் முழுசாகக் கைக்கு வராது. இத்தகைய ஒப்பந்தங்களில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி இலக்கை எட்டினால் பின்னால் வரும் தொகை, இன்னொரு பகுதி தாய் நிறுவனத்தின் பங்கு என்று பிரித்துத் தருவது வழக்கம். உங்கள் ஒப்பந்தத்தில் பிரிவினை எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. ரொக்கம் 70 சதவீதம் என்றே வைப்போம். 67 வரும். பாக்கிக் கடன் 25-ஐ அடைத்தால் 42. வரி தனி.

இனி விற்காமல் இருந்தால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். கடன் முடியும்வரை, ஏறக்குறைய மூன்று வருடம், கருவிக்கான ஒதுக்கீடு போக 23. அதன்பிறகு 32. விற்றால் 20. முதல் மூன்று வருடம் நீங்கள் விட்டுக்கொடுப்பது வருடத்துக்கு 3 தான், நான்காம் வருடத்திலிருந்து 12. கூட்டிக்கொண்டே போனால் அந்த 42 ஆறாம் வருடத்தில் கரைந்துவிடுகிறது. பின்தொகையாக 15 சதவீதம் உண்டு, அதுவும் முழுதாக வந்தது என்றாலும் ஏழாம் வருடம். (கையில் வரும் பணத்துக்கு வட்டி கிடைக்குமே என்று கேட்பீர்கள். கிடைக்கும், வரியும் போகும். முடிவு ஒன்றிரண்டு வருடம் நகரலாம், தலைகீழாகாது.)

ஆக, 60 வயதுவரை அறுவை சிகிச்சை செய்யப்போகிறவர் பணத்துக்காக மட்டும் விற்றால் நஷ்டம். ஐந்து வருடத்தில் கத்தியைக் கீழே வைக்கப்போகிறவருக்கு லாபம். இரவில் தூக்கம் வராத அளவுக்கு நிர்வாகத் தொல்லை என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு, அதை நான் கணக்கில் போட முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடிதத்தைப் படித்தவரை, உங்களுக்குத் தொழிலில் சலிப்பு வந்ததாக எனக்குத் தெரியவில்லை. பணம் நிற்காததில்தான் சலிப்பு. அதற்கு விற்பது மருந்தல்ல.

விற்கவே முடிவு செய்தாலும் சிலவற்றை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். கட்டடம் உங்கள் பெயரில் இருந்தால் அதைத் தனியாக வைத்துக்கொண்டு நீண்டகால வாடகைக்கு விடுங்கள். வேலையை விட்டால் எத்தனை கிலோமீட்டர் சுற்றளவில், எத்தனை வருடம் தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனையை வக்கீலிடம் காட்டாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்தொகைக்கான இலக்கை யார் அளக்கிறார்கள் என்று பாருங்கள். நோயாளிகளைப் பக்கத்துக் கிளைக்கு அனுப்பிவிட்டு, "இலக்கு எட்டவில்லையே டாக்டர்" என்று சொல்ல வழி இருக்கக்கூடாது.

எல்லாவற்றையும்விட அதிகமாக மறக்கப்படுவது தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு. இந்தப் பாலிசிகளில் பல, வழக்கு தொடரப்படும் நாளில் பாலிசி உயிரோடு இருந்தால்தான் பணம் தரும். தவறு நடந்த நாளில் இருந்தது என்பது போதாது. கிளினிக்கை விற்றதும் பழைய பாலிசியை நிறுத்திவிட்டால், நேற்றுவரை செய்த அறுவை சிகிச்சைகளுக்கு யார் பொறுப்பு? குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பரிசோதித்திருந்தால் வழக்கு பல வருடம் கழித்துக்கூட வரலாம். பழைய வேலைக்கான தொடர் காப்பீட்டை வாங்க வேண்டும், அதன் பிரீமியத்தை வாங்குகிறவரே கட்ட வேண்டும் என்று கேளுங்கள். பேரம் சூடாக இருக்கும்போது தருவார்கள். கையெழுத்துக்குப் பிறகு தரமாட்டார்கள்.

சரி, லேசர்.

1967-ல் சார்லஸ் கெல்மன் அல்ட்ராசவுண்ட் அதிர்வால் கண்புரையை உடைத்து உறிஞ்சும் ஃபேக்கோ முறையைக் கொண்டுவந்தபோது, பழைய முறையைவிடக் காயம் சிறியது, நோயாளி சீக்கிரம் எழுந்து நடப்பார் என்ற வித்தியாசம் கண்ணால் பார்க்கும்படி இருந்தது. ஃபெம்டோசெகண்ட் லேசர் கண்புரைக்கு வந்து பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. பிரான்சிலும் பிரிட்டனிலும் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளின் முடிவுகள் 2020-ல் வந்தன. கைதேர்ந்தவர் செய்யும் சாதாரண ஃபேக்கோவைவிட லேசர் மேலான பலன் தரவில்லை, செலவுக்கு ஏற்ற பயனும் இல்லை என்பதுதான் அவற்றின் சாரம். இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குக் கவலை இதன் பணப்பக்கம். பலனில் வித்தியாசம் இல்லாத ஒன்றுக்குக் கூடுதல் கட்டணம் கேட்க உங்களுக்கே நா எழாது. எழாத நா விற்பனை செய்யாது. தவணை மட்டும் மாதாமாதம் வரும்.

பிரதிநிதி சொன்ன 150-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் 600 பேரில் எத்தனை பேர் சிலிண்டர் பவரைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸுக்கோ, தூரமும் கிட்டவும் தெரியவைக்கும் மல்டிஃபோகல் லென்ஸுக்கோ கூடுதல் பணம் கட்டினார்கள்? பதிவேட்டைப் புரட்டினால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். லேசருக்குப் பணம் கட்டப்போவதும் பெரும்பாலும் அவர்கள்தான். அந்த எண் 90 என்றால் 150 எட்டாது, கணக்கு அங்கேயே முடிந்தது. 250 என்றால் மேலே பேசலாம். ஆனால் பிரதிநிதியின் தாளில் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வருட வாரண்டி முடிந்ததும் கருவி விலையில் பத்து சதவீதம்போல வருடாவருடம் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒருமுறை மட்டும் பயன்படும் பாகத்தின் விலையும் தனி. அந்தத் தாளில் பொதுவாக விட்டுப்போவது இன்னொன்றும் உண்டு: லேசருக்கென்று நோயாளியை ஒரு படுக்கையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது நேரம் கூடி, ஒரு காலைப் பொழுதில் நீங்கள் செய்யும் எண்ணிக்கை குறையும்.

எனக்கு இதில் பணத்தைத் தாண்டிய ஒரு பயமும் உண்டு. பெரிய தவணை தலைமேல் இருக்கும்போது, இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாம் என்று சொல்ல வேண்டிய கண்புரை, இப்போதே செய்யலாம் என்று தோன்ற ஆரம்பிக்கும். உங்களைச் சொல்லவில்லை. எந்தத் தொழிலிலும் கடன் மனிதனை அப்படி இழுக்கும். இப்போதைக்கு லேசர் வேண்டாம். கேட்டே தீருவேன் என்கிற நோயாளிக்கு, கருவி வைத்திருக்கும் இன்னொரு இடத்தில் தியேட்டர் நேரம் எடுத்துச் செய்ய முடியுமா என்று விசாரியுங்கள்.

விழித்திரை ஸ்கேன் எடுக்கும் ஓசிடி கருவி பழையதாக இருந்தால், அதை மாற்றக் கடன் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீரிழிவுக்காரருக்கும் கண் அழுத்த நோயாளிக்கும் விழித்திரை ஊசி போட்டுக்கொள்ள வருகிறவருக்கும் தினமும் பயன்படும். ஒரு கருவி வாரத்தில் எத்தனை மணி நேரம் சும்மா நிற்கும் என்று கேட்டாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

இனி மாதக் கடைசிப் பிரச்சினை. உண்மையில் உங்கள் நோய் இதுதான் என்று நினைக்கிறேன், மற்ற இரண்டும் அதற்கு நீங்கள் தேடும் வைத்தியம். விழித்திரை ஊசிகள் வரவைப் பெரிதாகக் காட்டும். அஃப்லிபர்செப்ட் போன்ற மருந்துகளின் விலை வரவிலும் ஏறும், செலவிலும் ஏறும், நடுவில் நிற்பது கொஞ்சம்தான். மருந்துக்காரருக்கு 30 நாளில் பணம் கொடுத்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து 75 நாளில் வாங்கினால், இடைப்பட்ட 45 நாளுக்கு வட்டியில்லாக் கடன் தருவது நீங்கள். ஊசி நோயாளிகள் கூடக்கூட இந்தப் பள்ளமும் ஆழமாகும். தொழில் வளர்கிறது, பணம் குறைகிறது என்று குழம்புகிறவர்கள் பலரும் விழுந்தது இங்கேதான்.

ஊசிப் பிரிவுக்குத் தனிக் கணக்கு போடுங்கள். மருந்து விலை, கெட்டுப்போனது, நிராகரிக்கப்பட்ட பில், ஊழியர் நேரம் எல்லாம் சேர்த்து. 60 நாளைத் தாண்டிய பில்கள் எவை என்று வாரம் ஒருமுறை பார்க்க ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். நிராகரித்ததற்கான காரணத்தை எழுதி வைக்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப வரும். மருந்துக்காரரிடம் 60 நாள் தவணை கேளுங்கள். லென்ஸ் கம்பெனிகள் எல்லா பவரிலும் லென்ஸை உங்களிடம் வைத்துவிட்டு, பொருத்தியதற்கு மட்டும் பில் போடும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. இன்னும் முன்பணம் கொடுத்து லென்ஸ் வாங்கி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். ஊசி மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டி ஓரிரவு நின்றுபோனால் நஷ்டம் யாருக்கு என்று காப்பீட்டுப் பாலிசியில் பாருங்கள். பெவாசிசுமாப் என்ற விலை குறைந்த ஊசி மருந்துப் பக்கம் போனால் செலவு குறையும்தான். 2011-ல் வெளிவந்த அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வு, வயது சார்ந்த விழித்திரை நோயில் பார்வையைப் பொறுத்தவரை அது விலை கூடிய ரானிபிசுமாப் மருந்துக்கு நிகர் என்றது. ஆனால் அதன் குப்பியைச் சிறு அளவுகளாகப் பிரிக்கும் இடத்தில் கிருமி புகுந்தால் ஒரே நாளில் பல கண்கள் போகும். மிச்சத்துக்காக மட்டும் அந்த முடிவை எடுக்காதீர்கள்.

தியேட்டரில் அப்படி ஒரு தொற்று வந்து சில வாரம் மூட நேர்ந்தால்? சம்பளம், வாடகை, தவணை மூன்றுக்கும் மூன்று மாதப் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கிளினிக்கில் எதையும் வாங்குவதற்கு முன் அதைச் சேருங்கள். உங்கள் சொந்த ஊனக் காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள். மைக்ராஸ்கோப்பிலும், கண்ணைப் பரிசோதிக்கும் ஸ்லிட் லாம்பிலும் குனிந்து குனிந்து கழுத்து வலி, முதுகு வலி வராத கண் மருத்துவர் அபூர்வம். கை லேசாக நடுங்கினால் உங்களால் நோயாளியைப் பரிசோதிக்க முடியும், அறுவை சிகிச்சை செய்ய முடியாது. "வேறு ஏதாவது வேலை செய்ய முடிகிறதே" என்று பாலிசி கைவிரிக்குமா, உங்கள் குறிப்பிட்ட தொழிலைச் செய்ய முடியாவிட்டாலே பணம் தருமா என்று படியுங்கள். இரண்டாவது வகைக்குப் பிரீமியம் கூடுதல். கொடுக்கலாம்.

கடைசியாக, கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோன அந்த இளம் மருத்துவர். விற்பதற்கும் தனியாகவே இழுப்பதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதென்றால் அது அவர்தான். கிளினிக்கின் லாபம் எவ்வளவு என்று உங்கள் சம்பளத்தைக் கழித்துப் பார்த்த பிறகு, அதில் ஒரு சிறு பங்கை, சில வருடங்களில் அவர் சம்பளத்திலிருந்தே கட்டி முடிக்கும்படி அவருக்கு விற்கலாம். மடங்கு 6 கிடைக்காது, 3 கிடைத்தால் நல்லது. ஆனால் உங்கள் வருமானத்தில் பெரிய வெட்டு விழாது, தியேட்டர் செலவும் இரண்டு பேர் வேலையில் பிரியும், 60-ல் நீங்கள் ஒதுங்கும்போது வாங்க ஆள் தேட வேண்டியதில்லை. நிறுவனத்தோடு நடக்கும் பேச்சு அவர் காதுக்கு வேறு வழியில் போவதற்கு முன் நீங்களே உட்காரவைத்துச் சொல்லுங்கள். அவர் வேலையை விட்டுவிட்டால் நிறுவனமும் அந்த 96-ஐக் குறைத்துத்தான் பேசும்.