பால்குடிக் குட்டிகளின் வைரஸ் கழிச்சலுக்கு கிரீன் டீ கைகொடுக்குமா?

கேள்வி: என்னிடம் 30 தாய்ப்பன்றிகள் இருக்கின்றன. சென்ற முறை ஈன்ற குட்டிகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்திலேயே கழிச்சலில் போய்விட்டன. வைரஸ் கழிச்சலாக இருக்கும் என்றார்கள். கிரீன் டீயில் உள்ள ஒரு பொருள் பன்றி வைரஸ்களைத் தடுக்கிறது என்று படித்தேன். அதன் பொடியைக் குடிநீரிலோ தீவனத்திலோ கலக்கலாமா? எந்த அளவில்?

பதில்: நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனாலும் உங்களுக்கு அளவு எழுதித் தர என்னால் முடியாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

கிரீன் டீ இலையில் கேட்டச்சின் என்ற பாலிபீனால் வகைகள் இருக்கின்றன. அவற்றில் அதிகம் இருப்பதும் அதிகம் ஆராயப்பட்டதும் எபிகேலோகேட்டச்சின் கேலேட், சுருக்கமாக இ.ஜி.சி.ஜி. ஒரு வைரஸ் செல்லுக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் செல்லின் மேல் ஒட்ட வேண்டும். பல வைரஸ்கள் அதற்கு செல்லின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடித்துக்கொள்கின்றன. இ.ஜி.சி.ஜி. வைரஸின் மேற்புரதங்களில் போய் ஒட்டிக்கொண்டு அந்தப் பிடியைக் கெடுத்துவிடுகிறது. பன்றிகளில் கருச்சிதைவும் மூச்சுக்கோளாறும் உண்டாக்கும் பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸ், குட்டிகளைக் கழிச்சலில் கொல்லும் பி.இ.டி. என்ற கொரோனா வைரஸ் இரண்டின் பெருக்கமும் இந்தப் பொருளால் குறைவதை ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் பார்த்திருக்கிறார்கள்.

செல்களை வளர்க்கும் அந்த ஆய்வகத் தட்டில் எல்லாமே மருந்துக்குச் சாதகம்; இங்கே மருந்து என்பது இ.ஜி.சி.ஜி. வைரஸ், செல், மருந்து மூன்றும் ஒரே சொட்டு நீரில் இருக்கும். பல சோதனைகளில் செல்லைத் தொடும் முன்பே வைரஸை மருந்தோடு கலந்து வைத்துவிடுவார்கள். செறிவையும் நாமே முடிவு செய்யலாம். 50 மைக்ரோமோலார் (செறிவை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 23 மில்லிகிராம். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் கிரீன் டீ குடித்த மனிதரின் இரத்தத்தில் இ.ஜி.சி.ஜி. பெரும்பாலும் 1 மைக்ரோமோலாரைக்கூட எட்டுவதில்லை. குடல் அதை மிகக் கொஞ்சமாகவே உறிஞ்சுகிறது. பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸ் குடியிருப்பது நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற பாதுகாப்புச் செல்களில். வாய்வழி கொடுத்த கிரீன் டீ அங்கே போதிய அளவில் போய்ச் சேரும் என்று நம்ப இடமில்லை.

சரி, கழிச்சல் வைரஸ் குடலில்தானே இருக்கிறது, அங்கே மருந்து நேராகப் போகுமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கும் ஓரளவு ஆர்வம் உள்ள இடம் அதுதான். ஆனால் அங்கேயும் இரண்டு தடை. இ.ஜி.சி.ஜி. அமிலத்தில் நிலையாக இருக்கும். நடுநிலைக்கு வந்தால் சீக்கிரம் சிதையும். இரைப்பையைத் தாண்டினால் சிறுகுடலில் காத்திருப்பது அந்த நடுநிலைதான். இன்னொன்று, அது எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும். டீ குடித்தால் நாக்கு துவர்ப்பதே எச்சில் புரதங்களோடு இந்தப் பொருள்கள் ஒட்டுவதால்தான். பால் நிறைந்த வயிற்றில் அது வைரஸைத் தேடிப் போகும் முன்பே பால் புரதத்தில் சிக்கிக்கொள்ளும்.

உங்கள் கேள்வியின் முடிச்சும் இந்தப் பாலில்தான். பி.இ.டி. கொல்வது பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளை. அவை தீவனம் தின்பதில்லை, தண்ணீரும் பேருக்குத்தான் குடிக்கும். தீவனம் தின்னும் வளர்ந்த பன்றிகளோ இந்த நோய் வந்தாலும் சில நாள் கழிந்துவிட்டுப் பெரும்பாலும் தேறிவிடும். ஆக, பொடியைத் தீவனத்தில் கலந்தால் தேவையில்லாதவைக்குப் போகும், தேவையானவைக்குப் போகாது. தாய்க்குக் கொடுத்தால் பாலில் வரும் என்று எதிர்பார்ப்பதும் வீண். அதன் இரத்தத்திலேயே சொற்பம்தான் இருக்கும்.

குட்டியின் வாயில் நேராக ஊற்றலாம் என்று தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். பன்றிக்குட்டி பிறக்கும்போதே சுமார் 50 மில்லிகிராம் இரும்புதான் கொண்டுவருகிறது. நாளுக்கு 7 மில்லிகிராம் தேவை; பாலில் கிடைப்பது 1 மில்லிகிராம் அளவே. அதனால்தான் முதல் சில நாட்களில் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி போடுகிறோம். கேட்டச்சின் குடலில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊசியில் போட்டதை அது தொடாது, ஆனால் இரும்பை வாய்வழி கொடுப்பவர்களுக்கு அது சிக்கல்தான். இது போக கிரீன் டீயில் காஃபீன் வேறு இருக்கிறது. அப்புறம் கல்லீரல்: கிரீன் டீ சாற்றை மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி. அளவிலோ அதற்கு மேலோ எடுக்கும் மனிதர்களிடம் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. இலைதானே, என்ன செய்துவிடும் என்ற எண்ணம் செறிவூட்டிய பொடிக்குப் பொருந்தாது.

பால் மறந்த பன்றிகளுக்குத் தீவனச் சேர்க்கையாகக் கொடுக்க நினைத்தால் நான் தடுக்க மாட்டேன். காஃபீன் நீக்கியதாக, இ.ஜி.சி.ஜி. சதவீதம் அச்சிட்டதாக இருக்கட்டும். அளவை உங்கள் கால்நடை மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். துவர்ப்பால் தீவனம் எடுப்பது குறைகிறதா என்று பாருங்கள். ஆனால் குடிநீரில் கரைக்காதீர்கள். நீர் காரத்தன்மை உள்ளதாக இருந்தால் சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும், இரும்பு இருந்தால் கருத்தே போகும். ஒரு கண்ணாடி டம்ளரில் கலந்து வைத்தால் நீங்களே பார்க்கலாம்.

ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் எந்தச் சாற்றையும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். அதற்கு மருந்தில்லை. உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய் அது.

உங்கள் பணத்தை முதலில் செலவிட வேண்டியது பரிசோதனைக்கு. “வைரஸ் கழிச்சலாக இருக்கும்” என்று சொன்னது யார், எதை வைத்து? ஈ.கோலை பாக்டீரியாவும் அதே வயதில் அதே மாதிரி கொல்லும். கழிச்சலை லிட்மஸ் தாளில் தொட்டால் ஒரு முதல் துப்பு கிடைக்கும்: ஈ.கோலை என்றால் பெரும்பாலும் காரம், வைரஸ் என்றால் பெரும்பாலும் அமிலம். உறுதி செய்ய, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை வேண்டும். பி.இ.டி. என்று தெரிந்தால் வேலை தாய்ப்பன்றியிடம் தொடங்குகிறது. தாயின் சீம்பாலிலும் பாலிலும் வரும் ஐ.ஜி.ஏ. எதிர்ப்புரதம்தான் குட்டியின் குடலைக் காக்கும். ஈனுவதற்கு எத்தனை வாரம் முன்பு எந்தத் தடுப்பூசி என்பதை மருத்துவர் சொல்வார். ஈனும் அறையை சோப்பு நீரால் கழுவி, கிருமிநாசினி தெளித்து, நன்றாகக் காயவிட்ட பிறகே அடுத்த தாயை ஏற்றுங்கள். சாணம் ஒட்டிய தரையில் எந்தக் கிருமிநாசினியும் சரியாக வேலை செய்யாது. குட்டி படுக்கும் இடம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். கழியும் குட்டிக்கு எலக்ட்ரோலைட் கரைசலை அடிக்கடி கொடுங்கள்.

அடுத்த முறை கழிச்சல் தெரிந்த அன்றே மாதிரி எடுங்கள். இறந்து வெகுநேரமான குட்டி வேண்டாம், அதன் குடல் உட்சுவர் அதற்குள் அழுகியிருக்கும். இப்போதுதான் கழிய ஆரம்பித்த இரண்டு மூன்று குட்டிகளின் மலத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, உறையவிடாமல், அன்றே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.