திருப்பூரில் அண்ணன் தம்பி சேர்ந்து பவர் டேபிள் யூனிட் போட்டால் எந்த வகை நிறுவனமாகப் பதிவது, கணக்கை எந்த முறையில் எழுதுவது?

இருபது தையல் மெஷின், பனியன் ஜாப் ஒர்க் (வேலை கொடுக்கும் கம்பெனியின் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது), ஆண்டுக்கு 80 லட்சம் பில், பணம் எல்லாம் பேங்க் வழியாகவே வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த அளவுக்கு முறையாகப் பதிந்த பார்ட்னர்ஷிப்பும், கடன் வரவையும் சேர்த்து எழுதும் மெர்க்கன்டைல் கணக்கும்தான் சரி.

தனி உரிமையில் போட்டால் வரி குறைவு என்பது உண்மை. ஆனால் பணம் போடுவது இருவர், பில் புக்கில் பெயர் ஒருவருக்கு என்றால், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு எழுத்தில் எதுவும் இருக்காது. தம்பிக்குக் கல்யாணம் ஆகும்போதோ, வீட்டில் பாகம் பிரிக்கும்போதோ அது சண்டையாக வரும். ஒருவர் மட்டுமே முதல் போட்டால் தனி உரிமை போதும்.

பார்ட்னர்ஷிப் 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. பதிவு கட்டாயமில்லை என்று சொல்லித்தான் பலர் பத்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பதியாத நிறுவனம், தொழிலில் வரவேண்டிய பாக்கிக்காகப் பார்ட்டி (வேலை கொடுத்த கம்பெனி) மேல் வழக்குப் போட முடியாது. கடனிலேயே ஓடும் ஊரில் இது பெரிய ஓட்டை. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பத்திரத்தில் மூன்று விஷயம் கட்டாயம் வேண்டும். பங்குதாரர் சம்பளம் எவ்வளவு, அல்லது எப்படிக் கணக்கிடுவது. முதலுக்கு வட்டி (12 சதவீதம் வரைதான் செலவாக ஏற்பார்கள்). ஒருவர் இறந்தால் அவர் பங்கை எப்படித் தீர்ப்பது என்ற வரி. பங்குதாரர் இருவர் மட்டும் என்றால், நிறுவனம் தொடரும் என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும், ஒருவர் போன அன்றே அது சட்டப்படி கலைந்துவிடும்.

சம்பளத்தைப் பத்திரத்தில் எழுதுவதில்தான் வரியே அடங்கியிருக்கிறது. பார்ட்னர்ஷிப்புக்கு லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம் வரி, அந்த வரியின்மேல் 4 சதவீதம் செஸ் (கூடுதல் வரி). ஆடிட்டர்கள் 44ஏடி என்று சொல்லும் உத்தேச லாப முறையில் போனால், பேங்கில் வந்த 80 லட்சத்துக்கு 6 சதவீதம், அதாவது 4,80,000 லாபம், வரி 1,49,760. அதில் பங்குதாரர் சம்பளத்தைக் கழிக்க முடியாது. அதற்குப் பதில் முழுக் கணக்கு எழுதி, லாபம் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 90 சதவீதம், 5,40,000 வரை இருவருக்கும் சம்பளமாகக் கழிக்கலாம். மீதி 60,000க்கு வரி 18,720தான். தலா 2,70,000 உங்கள் கைக்கு வருகிறது; வேறு வருமானம் இல்லையென்றால் அதற்கு வரி இல்லை. சம்பளம் ஆண்டுக்கு 20,000ஐத் தாண்டுவதால், நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுப்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும். ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்கலாம். முதல் வருடம் 44ஏடியில் நுழைந்துவிட்டு அடுத்த வருடம் வெளியே வந்தால் ஆடிட் கட்டாயமாகும், அடுத்த 5 வருடம் திரும்ப நுழையவும் முடியாது. அதனால் முதல் வருடமே யோசித்து முடிவெடுங்கள்.

எல்எல்பி, அதாவது பொறுப்பு போட்ட முதலோடு நிற்கும் பார்ட்னர்ஷிப் என்றால், கடன் உங்கள் சொந்தச் சொத்தைத் தொடாது. ஆனால் பேங்க் எப்படியும் உங்கள் சொந்த ஜாமீன் கேட்கும். 40 லட்சம் விற்றுமுதலைத் தாண்டினால் ஆடிட் உண்டு. மே 30க்குள் ஃபார்ம் 11 (ஆண்டு அறிக்கை), அக்டோபர் 30க்குள் ஃபார்ம் 8 (கணக்கு அறிக்கை), தொழில் நடக்காத வருடமும் போட வேண்டும். பிரைவேட் லிமிடெட் வெளியாள் முதல் போட வரும்போது பார்க்கலாம். அங்கே ஆடிட் எப்போதும் கட்டாயம், கணக்கும் மெர்க்கன்டைலில்தான் இருக்க வேண்டும், கம்பெனிப் பணத்தை வீட்டுச் செலவுக்கு எடுக்க முடியாது.

இனி கணக்கு. மார்ச் 25ஆம் தேதி 10,000 பீஸ், பீஸுக்கு 18 ரூபாய், 1,80,000க்குப் பில் போடுகிறீர்கள். 5 சதவீத ஜிஎஸ்டி 9,000. டெய்லர், ஹெல்பர் கூலி 1,28,000, கோன் நூல் 6,000, வாடகையும் கரண்டும் இந்த ஆர்டர் பங்குக்கு 32,000. இவை சனிக்கிழமைச் சம்பளத்தோடு மார்ச்சிலேயே போய்விட்டன. பார்ட்டி 2 சதவீத டிடிஎஸ் 3,600 பிடித்துக்கொண்டு, 1,85,400ஐ ஜூனில் போடுகிறார். ரொக்க முறையில், அதாவது பணம் கைமாறும்போது மட்டும் எழுதினால், மார்ச்சில் 1,66,000 நட்டம், ஜூனில் 1,80,000 லாபம். பீஸுக்கு ஒரு ரூபாய் நாற்பது காசுதான் நின்றது என்பது எந்த மாதத்திலும் தெரியாது. மெர்க்கன்டைலில் பில்லும் செலவும் மார்ச்சிலேயே ஏறி, 14,000 லாபம் என்று அப்போதே தெரிந்துவிடும். அடுத்த ஆர்டருக்கு ரேட் பேசும்போது தேவைப்படுவது அந்த ஒரு நாற்பதுதான்.

ஜிஎஸ்டி எந்த முறைக்கும் காத்திருக்காது. மார்ச் பில்லின் 9,000ஐ, உள்ளீட்டு வரியை (நீங்கள் வாங்கியவற்றுக்குக் கொடுத்த ஜிஎஸ்டியை) கழித்துக்கொண்டு, மாதா மாதம் ரிட்டர்ன் போடுபவர் ஏப்ரல் 20க்குள் கட்ட வேண்டும். ரொக்க முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பார்ட்டி காட்டிய டிடிஎஸ் மார்ச் வருடத்தில் ஏறியிருக்கும், உங்கள் வருமானம் அடுத்த வருடம். அந்த 3,600ஐ ரிட்டர்னில் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகாமல் இப்போதே கேட்டால் நோட்டீஸ் வரலாம்.

புத்தகத்தில் அதிகம் தவறுவது அட்வான்ஸ். டெய்லருக்குக் கொடுத்த 10,000 செலவல்ல, அவர் தர வேண்டிய பாக்கி. கூலிக் கணக்கில் எழுதிவிட்டு, பிறகு வாராவாரம் பிடிக்கும்போது முழுக் கூலியையும் செலவாக எழுதினால், ஒரே பணம் இரண்டு தடவை ஏறுகிறது. ஒவ்வொரு ஆளுக்கும் பேரேட்டில் தனிப் பக்கம் வையுங்கள்.

பீஸ் கணக்கும் அப்படியே. டிசியில் (சரக்கோடு வரும் டெலிவரி சலானில்) வந்தது 10,200, திரும்பியது 10,000 என்றால், மீதி 200 கட்டிங் குறையா, டேமேஜா, செக்கிங்கில் நிற்கிறதா என்று அன்றே டிசி புத்தகத்தில் எழுதிப் பார்ட்டியின் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து அதற்கு டெபிட் நோட் (உங்கள் பில்லில் பிடித்தம் செய்யும் சீட்டு) வரும். ஜிஎஸ்டியோ முன்பே கட்டியாகியிருக்கும்.