செரோடோனின் குறைகிறது, ஆனால் அமிலம் வரவில்லை: காரணம் என்ஏடி பிளஸ்

மைட்டோகாண்ட்ரியாவில் செரோடோனின் குறைகிறது, ஆனால் அதிலிருந்து வரவேண்டிய அமிலம் தெரியவில்லை, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கலவையில் என்ஏடி பிளஸ் (சில நொதிகள் வேலை செய்யத் தேவையான துணை மூலக்கூறு) இல்லை. உறையவைத்து உருக்கிய மைட்டோகாண்ட்ரியாவில் செரோடோனின் குறைந்தும் அதன் சிதைவில் வரும் 5-ஹைட்ராக்சிஇண்டோல் அசெட்டிக் அமிலத்தின் முகடு ஹெச்பிஎல்சியில் (கலவையின் பொருட்களைப் பிரித்து அளக்கும் முறை) வராததற்கு அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

செரோடோனினைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அமிலத்தை உருவாக்குவதில்லை. ஆக்சிஜனைக் கொண்டு செரோடோனினை 5-ஹைட்ராக்சிஇண்டோல்அசெட்டால்டிஹைடாக மாற்றுவதோடு அதன் வேலை முடிகிறது. கூடவே அம்மோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வரும். அந்த ஆல்டிஹைடை அமிலமாக்குவது ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் என்ற இன்னொரு நொதி. அதற்கு என்ஏடி பிளஸ் கட்டாயம். உறைந்து உருகும்போது சவ்வு கிழிந்து, உள்ளே இருந்த என்ஏடி பிளஸ் கரைசலில் கலந்து நீர்த்துவிடும். மாதிரியைக் கழுவினால் அதுவும் போய்விடும்.

சரி, சோதிப்பது எளிது. ஒரே மாதிரியை இரண்டு குழாய்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் 1 மில்லிமோலார் என்ஏடி பிளஸ் சேருங்கள். அந்தக் குழாயில் மட்டும் அமில முகடு எழுந்தால் சிக்கல் இதுதான். என்ஏடிஹெச்சை அளக்கும் 340 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலை மட்டும் நம்பாதீர்கள்: வினையில் என்ஏடி பிளஸிலிருந்து உருவாகும் என்ஏடிஹெச்சை மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலி தின்றுவிடும், அளவு குறைவாகத் தெரியும்.

என்ஏடி பிளஸ் சேர்த்தும் முகடு வரவில்லையா? அப்போது பஃபரை (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) பாருங்கள். ட்ரிஸ், கிளைசின் போன்ற அமைன் உள்ளவை ஆல்டிஹைடோடு வினைபுரியும், பாஸ்பேட்டுக்கு மாறிவிடுங்கள். அப்புறம் ஒன்று: இந்த ஆல்டிஹைடு புரதங்களிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் குறைந்த செரோடோனின் முழுவதும் அமிலமாகக் கணக்கில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.