லென்ஸோடு தண்ணீரில் இறங்கலாமா? சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

சேலத்தில் ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை பார்க்கிறேன். பவர் பார்ப்பதும் கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவதும்தான் தொழில். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நீச்சல் வகுப்பில் சேருகிறவர்களும் ஏற்காடு ரிசார்ட்டுக்குக் கிளம்புகிறவர்களும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சில இங்கே.

அக்கா, எனக்கு இரண்டு கண்ணிலும் −4.50. மாத லென்ஸ் போடுகிறேன். குளத்தில்தான் குளோரின் போடுகிறார்களே, கிருமி செத்துவிடாதா? (அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவி)

பாக்டீரியாவில் பெரும்பகுதி செத்துவிடும், குளோரினை ஒழுங்காகப் போட்டிருந்தால். ஆனால் அகாந்தமீபா என்று ஒரு ஒற்றைச் செல் உயிரி இருக்கிறது. மண், ஏரி, கிணறு, குழாய்த் தண்ணீர், மேல்நிலைத் தொட்டி என எல்லா இடத்திலும் இருக்கும். சூழல் பிடிக்காவிட்டால் சுற்றிலும் இரட்டை ஓடு கட்டிக்கொண்டு உள்ளே சுருண்டு கிடக்கும். நீச்சல் குளத்தில் போடுகிற அளவு குளோரின் அந்த ஓட்டைத் தாண்டாது.

லென்ஸ் இல்லாத கண்ணில் அது பட்டால் கண்ணீரும் இமையும் பெரும்பாலும் கழுவித் தள்ளிவிடும். லென்ஸ் போட்டிருந்தால் கதை வேறு. சாஃப்ட் லென்ஸ் எடையில், வகையைப் பொறுத்து, கால் பங்கிலிருந்து முக்கால் பங்குவரை தண்ணீர்தான். பஞ்சு மாதிரி குளத்து நீரை வாங்கி வைத்துக்கொள்ளும். கருவிழியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால், கிருமியை அதன்மேல் மணிக்கணக்கில் அழுத்திப் பிடித்திருக்கும். இந்தத் தொற்று அரிதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வந்துவிட்டால் சொட்டு மருந்தே பல மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூடப் போகும். ஆரம்பத்தில் ஹெர்பிஸ் வைரஸ் புண் மாதிரியே தெரிவதால் கண்டுபிடிக்கவும் தாமதமாகும். கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போனவர்களும் உண்டு.

அதனால் லென்ஸைக் கழற்றிவிட்டு, பவர் போட்ட நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்குங்கள்.

பவர் நீச்சல் கண்ணாடியா? எனக்கு சிலிண்டர் பவரும் இருக்கிறதே, கிடைக்குமா? (சூரமங்கலம்)

கிடைக்கும். விளையாட்டுச் சாமான் கடையிலும் ஆன்லைனிலும் ரெடிமேடாகவே வருகிறது. பொதுவாக −1.50-இல் தொடங்கி −8 வரை, அரை அரை எண்ணாக. சில கம்பெனிகள் இடக் கண், வலக் கண் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க விடுகின்றன.

ரெடிமேடில் சிலிண்டர், அதாவது கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாததைச் சரிசெய்கிற எண், இருக்காது. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். சிலிண்டரில் பாதியை ஸ்பியரோடு, அதாவது சீட்டில் முதலில் இருக்கும் முக்கிய எண்ணோடு, கூட்டினால் போதும். சீட்டில் −3.50, சிலிண்டர் −1.00 என்றிருந்தால் −4.00 வாங்குங்கள். கணக்கு இரண்டு எண்ணுக்கு நடுவில் நின்றால் பவர் குறைந்த எண்ணுக்கு வாருங்கள். நீந்துவதற்கு அது தாராளம். சிலிண்டர் 2-க்கு மேல் போனால் இந்த வித்தை சரிவராது, ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டும். இன்னொன்று, கண்ணாடிச் சீட்டில் உள்ள எண்ணையே எடுங்கள். லென்ஸ் டப்பாவில் இருப்பது கண்ணோடு ஒட்டி இருப்பதற்கான எண். அதிக பவரில் இரண்டும் ஒன்றாக இருக்காது.

வாங்கும்போது ரப்பர் பட்டையை மாட்டாமல் கண்குழியில் வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். ஓரிரு நொடி தானாக ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்குச் சரி. உள்பக்கத்தை விரலால் துடைக்காதீர்கள், ஆவி படியாமல் இருக்கப் பூசியது போய்விடும்.

தாத்தா ஊர்க் கிணற்றில் பையன்கள் எல்லாம் குதிக்கிறார்கள். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். கண்ணுக்கு மட்டும் ஆகாதா? (வாழப்பாடி)

ஆகாதுங்க, லென்ஸ் போட்டிருந்தால். வயிற்றில் அமிலம் இருக்கிறது, குடித்ததைப் பார்த்துக்கொள்ளும். கருவிழிக்கு அந்த வசதி இல்லை. ரத்தக் குழாயே இல்லாத இடம் அது. அதிலும் தோட்டத்துக் கிணற்றில் மழைக்கு வரப்பு மண் கரைந்து இறங்கும், படிக்கட்டில் பாசி இருக்கும், குளோரின் கிடையாது. எனக்குக் கிணற்று நீச்சல் பிடிக்கும். இடுப்பில் கேனைக் கட்டிக்கொண்டு கற்ற தலைமுறைதான் நானும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். லென்ஸ் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

மேட்டிலிருந்து குதித்தால் நீச்சல் கண்ணாடி கழன்று போகும். குதிக்கிற ஆசை இருந்தால் அதைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, கீழே ஆளும் கல்லும் இல்லையென்று பார்வை தெரிந்த ஒருவர் சொன்ன பிறகு குதியுங்கள்.

அவசரம். நேற்று ஏற்காட்டில் லென்ஸோடு ஒரு மணி நேரம் குளத்தில் இருந்தேன். ராத்திரி கழற்ற வரவில்லை, அப்படியே தூங்கிவிட்டேன். இப்போது கண் சிவந்திருக்கிறது, உறுத்துகிறது. (கொண்டலாம்பட்டி)

பிய்த்து எடுக்காதீர்கள். கண்ணீரில் உப்பு இருக்கிறது, குளத்து நீரில் அவ்வளவு இல்லை. அந்த வித்தியாசத்தில் லென்ஸ் உப்பி, கருவிழியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பலவந்தமாக இழுத்தால் மேல்தோல் சேர்ந்து உரியும். கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். சீல் பிரிக்காத சலைன் (கிருமியற்ற உப்பு நீர்) அல்லது லென்ஸ் போட்டவர்களுக்கான சொட்டு மருந்து சில சொட்டு விட்டு, கண்ணை மெதுவாகச் சிமிட்டிக்கொண்டிருங்கள். லென்ஸ் நகர ஆரம்பித்ததும் கழற்றுங்கள். நகரவில்லையென்றால் அதோடேயே மருத்துவரிடம் போங்கள்.

கழன்றாலும் இன்றைக்கே காட்டுங்கள். சிவப்பும் உறுத்தலும் வந்த பிறகு காத்திருப்பது சரியில்லை. சூடோமோனாஸ் பாக்டீரியா என்றால் ஓரிரு நாளிலேயே கருவிழியில் புண்ணாக்கிவிடும். வெளிச்சம் கூசுவது, நீர் கொட்டுவது, பார்வை மங்குவது, பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாத கண்ணில் தாங்க முடியாத வலி, இதில் எது வந்தாலும் அவசரம்தான். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது. லென்ஸைத் தூக்கிப் போடாமல் டப்பாவோடு கொண்டுபோங்கள், அதிலிருந்தே பரிசோதனைக்கு எடுக்கலாம். "லென்ஸோடு நீந்தினேன்" என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கண் சிவப்புக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், உள்ளே கிருமி வளரும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இளநீர் எதுவும் கண்ணில் விடக் கூடாது.

கிளியூர் அருவிப் பக்கம் ப்ரீ வெட்டிங் ஷூட். மேக்கப் செய்கிறவர் கலர் லென்ஸ் கொண்டுவருகிறார், பவர் கிடையாது. சாரல்தானே படும்? (ஐந்து ரோடு)

பவர் இல்லாவிட்டாலும் லென்ஸ் லென்ஸ்தான், சாரலும் தண்ணீர்தான். ஆனால் எனக்கு அதைவிட நெருடுவது "கொண்டுவருகிறார்" என்பது. போன வாரம் யார் கண்ணில் இருந்த லென்ஸ்? உங்கள் கண் அளவு பார்த்து, சீல் பிரிக்காத தினசரி லென்ஸ், அதாவது ஒரு நாள் போட்டு வீசுகிற லென்ஸ், வாங்குங்கள். அருவியிலிருந்து தள்ளி நின்று படம் எடுத்துவிட்டு, கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் நனையுங்கள்.

ஆடிப்பெருக்குக்கு மேட்டூரில் மூன்று முழுக்கு மட்டும் போடுவோம். கண்ணை மூடிக்கொண்டால்? (ஓமலூர்)

மூடினாலும் எழும்போது திறப்பீர்கள், கையால் துடைப்பீர்கள். கழற்றிவிடுங்கள். எண்ணெய்க் குளியலுக்கும் ஷவருக்கும் இதேதான்.

மாவட்டப் போட்டிக்குத் தயாராகிறேன். பயிற்சியாளர் தினசரி லென்ஸ் போட்டு மேலே கண்ணாடி மாட்டச் சொல்கிறார். (ஃபேர்லேண்ட்ஸ்)

அபாயம் குறையும், போய்விடாது. அதை விட்டால் வழியே இல்லை என்றால் புது தினசரி லென்ஸ், மேலே தண்ணீர் கசியாத நீச்சல் கண்ணாடி, கரையேறியதும் கையைக் கழுவி, லென்ஸைக் கழற்றி வீசிவிட வேண்டும். மாத லென்ஸில் இதைச் செய்யாதீர்கள்.

லென்ஸ் டப்பாவை ஆர்.ஓ. தண்ணீரில் கழுவலாமா? கொதிக்க வைத்து ஆறிய உப்புத் தண்ணீர்? (அம்மாபேட்டை)

இரண்டும் கூடாது. ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கத்தான், அது கிருமியற்ற நீர் அல்ல. 1980-களில் அமெரிக்காவில் உப்பு மாத்திரையைக் கரைத்து வீட்டிலேயே சலைன் செய்துகொண்டவர்களுக்குத்தான் அகாந்தமீபா அதிகம் வந்தது. டப்பாவை லென்ஸ் சொல்யூஷனிலேயே அலசி, கவிழ்த்துக் காயவைத்து, மூன்று மாதத்துக்கு ஒன்று மாற்றுங்கள்.

பையனுக்கு ராத்திரி மட்டும் போடுகிற லென்ஸ். அவன் நீந்தலாமா? (ஏற்காடு)

தாராளமாக. தூங்கும்போது கருவிழியின் வடிவத்தை மாற்றி, பகலில் கண்ணாடி இல்லாமல் பார்க்க வைக்கிற லென்ஸ் அது. பகலில்தான் கண்ணில் லென்ஸே இல்லையே. சாதாரண நீச்சல் கண்ணாடி போதும்.

எனக்கு −9. லென்ஸும் இல்லாமல் இறங்கினால் கரை எது, ஆழம் எது என்றே தெரியாது. அது ஆபத்தில்லையா? (குகை)

ஆபத்துதான், நியாயமான கேள்வி. −8 நீச்சல் கண்ணாடி வாங்குங்கள். மிச்சம் ஒரு எண் தண்ணீரில் பெரிய தொந்தரவு தராது. ஆழம் எழுதியிருக்கும் பலகையை உங்கள் கண்ணாடியோடு முதலில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள். கூட வருகிறவரைப் பளிச்சென்ற ஆரஞ்சு தொப்பி போடச் சொல்லுங்கள், அவர் இருக்கும் திசை எப்போதும் தெரியும். உங்கள் சொந்தக் கண்ணாடியை டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, லைஃப்கார்டிடம் கொடுங்கள். நாற்காலிமேல் வைத்தால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.