நாலு வயது மகன் தங்கையைத் தள்ளிவிட்டு 'ஸாரி' சொல்ல மறுக்கிறான்

"இயேசப்பா கோபப்படுவார்" என்று சொல்லியும் மகன் 'ஸாரி' கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 'ஸாரி' சொல்ல வைக்கும் முயற்சியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இயேசப்பா பெயரைச் சொல்லி மிரட்டுவதையும்தான். அதனால் அவனுக்குப் பயம்தான் வரும், இரக்கம் வராது.

வாயால் கேட்பதற்குப் பதில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். "பாப்பாவுக்கு வலிக்குது, ஈரத்துணி எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். என் மகள் இதே வயதில் தம்பியைக் கடித்தபோது அப்படித்தான் செய்தோம். துணியைச் சரியாகப் பிழியாமல் வழியெல்லாம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தாள். வைத்து அழுத்திவிட்டு, தானாகவே ஊதியும் விட்டாள். பைபிளில் லூக்கா 10இல் இயேசு சொல்லும் கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவும் நல்ல சமாரியனும் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, காயத்தைக் கட்டி, தான் வந்த விலங்கின்மேல் ஏற்றிக்கொண்டு போகிறான்.

புதுச்சேரி இருதய ஆண்டவர் கோவிலில் ஞாயிறு பூசை முடிந்ததும்தான் இப்படித் தள்ளுவது அதிகம் நடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ பசியும் களைப்பும்தான் காரணம் என்று தோன்றுகிறது. அத்தனை பேர் பார்க்கும்போது எந்தப் பிள்ளையும் இறங்கிவராது.

1. அடுத்த ஞாயிறு கிளம்பும் முன் ஒரு இட்லியாவது ஊட்டிவிடுங்கள்.
2. பூசை முடிந்ததும் வாசலில் நின்று பேசாமல் நேரே வீட்டுக்கு வாருங்கள். தள்ளுவது குறைகிறதா என்று மூன்று ஞாயிறு பாருங்கள்.

அப்புறம், நீங்கள் அவனிடம் கத்திவிட்டால் நீங்களே முதலில் மன்னிப்புக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதீர்கள் என்று பைபிளில் கொலோசெயர் 3:21 பெற்றோருக்குத்தான் சொல்கிறது.

ஆனால் பள்ளியிலும் தினமும் அடிக்கிறான், பேச்சும் தாமதம் என்றால் காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.