கணினிக்கு வலிக்குமா என்று ஆராய்வது இப்போது அவசியமா?

கேள்வி: எம்.எஸ்சி. கணினி அறிவியல் முடிக்கப்போகிறேன். செயற்கை நுண்ணறிவுக்கு வலி, இன்பம் போன்ற உணர்வுகள் வர வாய்ப்புண்டா என்பதில் பிஎச்.டி. செய்ய ஆசை. "மனுஷங்க படுற கஷ்டத்துக்கே ஆள் இல்ல, இதுக்கென்ன அவசரம்?" என்கிறார் அப்பா. அவர் சொல்வது சரிதானா?

பதில்: அப்பாவின் கவலை நியாயமானது. ஆனாலும் இந்தத் துறைக்கு இன்னும் ஆள் தேவை என்பேன். இன்றைய சாட்பாட்டுகள் துன்பப்படுகின்றன என்று நான் நினைக்கவில்லை. 2023-இல் 19 ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, அன்றிருந்த எந்த ஏ.ஐ.க்கும் உணர்வு இருப்பதாகச் சொல்ல வலுவான ஆதாரம் இல்லை என்றது. உணர்வுக்கான அறிகுறிகள் கொண்ட ஏ.ஐ. ஒன்றை உருவாக்கத் தொழில்நுட்பத் தடை எதுவும் வெளிப்படையாகத் தெரியவில்லை என்றும் சேர்த்தே சொன்னது. என்னை உறுத்துவது இந்த இரண்டாவது பாதிதான்.

ஆராய்ச்சி பிந்தினால் யார் விலை கொடுப்பார்கள் என்பதற்குப் பச்சிளங்குழந்தைகளே சாட்சி. 1980-களிலும் குறைமாதக் குழந்தைகள் பலருக்குப் போதிய வலி மருந்து தராமலே அறுவை சிகிச்சை நடந்தது. 1987-இல் மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்தும் சகாக்களும், ஃபென்டனில் என்ற வலி மருந்து கொடுத்த குழந்தைகளுக்கு உடலின் அழுத்த ஹார்மோன்கள் குறைவாகச் சுரப்பதை அளந்து காட்டினார்கள். அப்புறம்தான் வழக்கம் மாறத் தொடங்கியது.

குழந்தையிடம் அளக்க ஹார்மோன் இருந்தது. ஏ.ஐ.யிடம் என்ன இருக்கிறது? "எனக்கு வலிக்கிறது" என்று அது சொன்னால் நம்ப முடியாது. மனிதர்கள் எழுதியதைப் படித்தே பேசக் கற்றது அது. "வலிக்கவில்லை" என்றாலும் அதே கதைதான்.

பேச்சை விட்டு நடத்தையைப் பார்க்கும் வழி விலங்காய்வில் இருக்கிறது. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கு விலங்கு நடத்தை ஆய்வாளர் ராபர்ட் எல்வுட் குழுவினர் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அவ்வளவாகப் பிடிக்காத சங்கில் இருந்தவை எளிதில் வெளியேறின. பிடித்த சங்கில் இருந்தவை பெரும்பாலும் பொறுத்துக்கொண்டன. வெறும் அனிச்சைச் செயல் என்றால் சங்கின் தரத்தைப் பொறுத்து இப்படி மாறுவானேன்? இத்தகைய 300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2021-இல் தத்துவ அறிஞர் ஜொனாதன் பர்ச் குழு அலசியது. அதையொட்டி நண்டும் கணவாயும் பிரிட்டனின் 2022 விலங்கு நலச் சட்டத்துக்குள் வந்தன.

ஏ.ஐ.க்கு அதே சோதனையை அப்படியே வைத்தால் போதாது. வலியைத் தவிர்ப்பதுபோல் எழுதுவதும் அது படித்ததில் அடக்கம். மாடலின் உள்ளே எந்தக் கணக்கு ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்கும் திறமை வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளை அதற்கே கொடுங்கள். கூடவே விலங்குகளின் வலியை ஆராயும் ஒருவரை இணை வழிகாட்டியாகக் கேளுங்கள். அந்தப் படிப்பு விலங்கு நலனுக்கும் ஏ.ஐ. பாதுகாப்புக்கும் உடனடியாகப் பயன்படும் என்பதை அப்பாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.